கரன்சோவின் இடது உதடு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என்னுடையது இல்லை. கிரிசெல்டா ஒலாஸ்கோவாகா தன்னைத்தானே திட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்று பொறுக்கியது. கிரிசெல்டா எங்கள் ரிவேரா பக்கத்துக் கால்நடை மருத்துவர்; நாற்பது கிலோமீட்டர் சுற்றளவுக்கு வேறு ஆள் கிடையாது. நான் அவள் மருத்துவமனையை ஒட்டிய மருந்துக் கடையில் பதினெட்டு வருடமாகக் குடற்புழு மருந்து விற்கிறவள். மாத்தே என்கிற மூலிகைத் தேநீர்க் குடுவையில் வெந்நீர் ஊற்றி அவள் கையில் கொடுத்தால் போதும், பேச்சு தானாக வரும்.

"எழுதிக்கோடி," என்றாள். "ஆனா எழுதினதை எனக்குச் சொல்லிக் காட்டணும். பொய் இருந்தா நானே அறுத்து எடுப்பேன்."

குதிரையின் மண்டையிலிருந்து கிளம்பும் நரம்புகள் பன்னிரண்டு ஜோடி. உங்களுக்கும் எனக்கும் அதே கணக்குதான். அந்தப் பன்னிரண்டையும் கிரிசெல்டா ஒவ்வொன்றாகச் சோதித்த கதை என்பதால், பன்னிரண்டு பகுதிகளாக எழுதிவிடலாம் என்று நான் பெரிய திட்டம் போட்டேன். முதல் நரம்பு மோப்பத்துக்கானது. அதைப் பற்றிக் கேட்டேன்.

"அதை விடு. வாசனை தெரியுதுன்னு குதிரை வந்து சொல்லுமா?"

ஆக, முதல் பகுதியே கையை விட்டுப் போயிற்று. அந்தக் காலி இடத்தைத்தான் இந்த வாக்குமூலத்தால் நிரப்பியிருக்கிறேன்.

2

கதையின் முதல் வரியாக எழுதியது: "ஞாயிற்றுக்கிழமை மதியம், மேய்ச்சல் வெளியில் துப்பாக்கியின் நிழல் நீண்டு விழுந்—"

அடித்துவிட்டேன். மதியத்தில் எந்த நிழலும் நீளாது. அலங்காரத்துக்கு ஆசைப்பட்டால் சூரியனே காலை வாரிவிடும்.

இரண்டாவது முயற்சி: "வால்டெமார் டெச்சேரா அழுதுகொண்டிருந்தான்."

இது இருக்கட்டும். ஏனென்றால் அவன் உண்மையிலேயே அழுதுகொண்டிருந்தான். வால்டெமார் மற்றவர்களின் மாடுகளை ஊர் விட்டு ஊர் ஓட்டிச் செல்கிறவன். ஐம்பத்திரண்டு வயது, வலது முழங்கால் மடங்காது, குதிரை இல்லாவிட்டால் வேலை இல்லை. இருப்பது ஒரே குதிரை. அது பிறந்த அன்றே தாய்க்குதிரை செத்துப்போனதால், புட்டியில் பால் கொடுத்து வளர்த்தான். அன்றைக்கு மேலே பிணந்தின்னிப் பறவைகள் வட்டமடித்துக் காத்திருந்தன. இந்த ஊரில் அந்தப் பறவைக்குப் பெயர் கரன்சோ. உங்களுக்கு இரை கிடையாது, போங்கடா என்கிற வீம்பில் குட்டிக்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டான்.

அந்தக் கரன்சோவின் வாய்தான் இரண்டு மூன்று நாளாகவே கோணி, ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே கிடந்தது. மேலுதடும் மூக்கும் வலப்பக்கம் இழுத்துக்கொள்ள, இடது உதடு செத்த மாதிரி தொங்கியது. இடப்பக்கம் எச்சில் ஒழுகியது. தின்ற புல் பாதி கீழே விழுந்தது. பக்கத்துப் பண்ணைக்காரர் நெப்போமுசெனோ ஃபகுண்டெஸ் துப்பாக்கியோடு நின்றார். பத்து நாளைக்கு முன்னால்தான் அவருடைய இரண்டு பசுக்கள் எச்சில் ஒழுக, பின்னங்கால் தள்ளாடிச் செத்திருந்தன. குன்றிலிருக்கும் இரத்தம் குடிக்கிற வௌவால்கள் கொண்டுவந்த வெறிநோய். தலைநகர ஆய்வுக்கூடம் அதை உறுதி செய்தும் இருந்தது.

"டாக்டரம்மா, நான் கொடுமைக்காரன் இல்ல," என்றார் ஃபகுண்டெஸ். "என் மாடுங்க எப்படிச் செத்துச்சுன்னு பார்த்தவன். இதைச் சுட்டு, தலையை ஆய்வுக்கு அனுப்புவோம். எல்லாருக்கும் நிம்மதி."

"எனக்கு நிம்மதியா?" என்றான் வால்டெமார்.

"முதல்ல நான் பார்க்கறேன்," என்றாள் கிரிசெல்டா. "துப்பாக்கியை வண்டில வைங்க."

அவர் வைக்கவில்லை. குழலை மட்டும் தரைக்குத் தாழ்த்தினார்.

இரண்டாவது நரம்பு பார்வைக்கானது. ஃபகுண்டெஸ் தொப்பியைக் கழற்றிக் குதிரையின் கண்ணுக்கு முன்னால் விசிறினார். குதிரை கண்ணை மூடிற்று. "கண்ணு தெரியுது, அது வரைக்கும் சரி," என்றார்.

"தொப்பி விசிறினா காத்து கண்ணுல படும்," என்றாள் கிரிசெல்டா. "குருட்டுக் குதிரைகூட மூடும். உங்க மச்சான் போன வருஷம் ஒரு குருட்டுக் குதிரையை வாங்கிட்டு வந்தாரே, இப்படித்தான் விசிறிப் பார்த்திருப்பார்."

வால்டெமாருக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. அவள் ரொட்டி டப்பாவின், ஊடாகப் பார்க்க முடிகிற மூடியை எடுத்து வந்து கண்ணுக்கு முன்னால் பிடித்தாள். மூடிக்கு இந்தப் பக்கம் கையை வெடுக்கென்று நீட்டினாள். காற்று போகாது, கை மட்டும் தெரியும். கரன்சோ கண்ணை மூடியது. இரண்டு கண்ணும்.

(இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். தூசி பட்டால் கண் மூடுவது கூடவே பிறந்தது. கை ஓங்கினால் மூடுவது அப்படியில்லை. பிறந்து சில நாளான குட்டியின் முன்னால் கையை ஓங்கினால் அது பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கும். ஓங்கிய கை அடிக்கும் என்பதை உலகம்தான் அதற்குச் சொல்லித் தருகிறது. இதைக் கேட்ட அன்று கடையை மூடிவிட்டு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு போனேன். கதைக்கு இது தேவையா என்று தெரியவில்லை. இருக்கட்டும்.)

3, 4, 6

இந்த மூன்று நரம்புகளும் கண்விழியை உருட்டுகிறவை. சேர்த்துத்தான் பார்ப்பார்களாம், நானும் சேர்த்தே எழுதுகிறேன். கைவிளக்கு அடித்தாள், கண்பாவை சுருங்கியது. தலையைப் பிடித்து மெல்ல இப்படியும் அப்படியும் திருப்பினாள், விழிகள் சரியாகக் கூடவே நகர்ந்தன.

கவிதையாக ஏதாவது எழுதலாம் என்று "அந்தக் கண்ணில் வானம் முழுதும்—" என்று ஆரம்பித்தேன். கிரிசெல்டா குறுக்கே விழுந்தாள்.

"வானமும் இல்ல ஒண்ணும் இல்ல. கண்ணுல பீளை இருந்துச்சு. துடைச்சு விட்டேன்."

5

ஐந்தாவது, முகத்தின் தொடு உணர்ச்சிக்கும் மெல்லுவதற்கும். ஒரு வைக்கோல் துரும்பை எடுத்து இடது மூக்குத் துவாரத்தின் உட்சுவரில் லேசாகத் தொட்டாள். கரன்சோ தலையை வெடுக்கென்று பின்னுக்கு இழுத்தது.

"உணர்ச்சி இருக்கு," என்றாள், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல. தாடையைப் பிடித்துத் திறந்தாள். அது பலமாக எதிர்த்தது. கன்னத்துத் தசை இரண்டு பக்கமும் ஒரே கனம்.

நான் வியக்கிற இடம் இது. அவளிடம் இருந்தது கைவிளக்கு, டப்பா மூடி, துரும்பு, ரப்பர் கையுறை. அவ்வளவுதான். மண்டை ஓட்டுக்குள்ளே, யாரும் பார்க்க முடியாத இடத்தில் என்ன நடக்கிறது என்பதை ஒரு துரும்பை வைத்துக்கொண்டு கேட்கிறாள். குதிரையும் பதில் சொல்கிறது. எனக்குப் பொறாமையாகவே இருந்தது. ஒரு மனிதனின் உள்ளே என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க நான் எத்தனை பக்கத்தை வீணடிக்கிறேன்!

9, 10

வரிசை தப்பியிருக்கிறதே என்று அச்சகத்தாரைத் திட்டாதீர்கள். ஏழாவதை அவள் கடைசிக்கு ஒதுக்கிவைத்தாள். சந்தேகம் இருக்கும் இடத்தில் முதலிலேயே கை வைத்தால், மற்றதையெல்லாம் அரைகுறையாகப் பார்க்கத் தோன்றுமாம்.

ஒன்பதும் பத்தும் விழுங்குவதற்கு. வெறிநோய் வந்தால் தொண்டை செத்துப்போகும். அதைப் பார்க்கிற எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு. மாட்டுக்கோ குதிரைக்கோ எச்சில் ஒழுகினால், தொண்டையில் முள்ளோ எலும்போ சிக்கியிருக்கும் என்று முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டுவிடுவார்கள்.

"வால்டெமார், நீங்க கையை விட்டீங்களா?"

அவன் பூட்ஸைப் பார்த்தான்.

"விட்டீங்களா இல்லையா?"

"நேத்து சாயந்திரம்... முள்ளு இருக்கும்னு..."

"கையில கீறல் இருக்கா?"

இருந்தது. வேலிக்கம்பி கிழித்த பழைய கீறல்.

"அடப் படுபாவி மனுஷா!" என்று கத்தினாள். "கையை விடாதீங்கன்னு எத்தனை கூட்டத்துல கத்தியிருக்கேன்! இந்தக் குதிரைக்கு என்னவா இருந்தாலும் சரி, இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் நடந்ததைச் சொல்லி ஊசி போட்டுக்கறீங்க. நானே கூட்டிட்டுப் போறேன்."

ஃபகுண்டெஸ் துப்பாக்கியைக் கை மாற்றிக்கொண்டார். இப்போது விஷயம் குதிரையோடு நிற்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

அவள் வாளியில் தண்ணீர் வைத்தாள். கரன்சோ கோணல் வாயால் உறிஞ்சியது. பாதி இடப்பக்கம் கொட்டியது. ஆனால் மீதி? கழுத்தின் இடப்புறம் ஒரு சின்ன மேடு மேலிருந்து கீழே இறங்கியது. பின்னாலேயே இன்னொன்று. அவள் ஏழு வரைக்கும் எண்ணினாள்.

"விழுங்குது," என்றாள்.

"என் பசுக்களும் ஆரம்பத்துல விழுங்குச்சு," என்றார் ஃபகுண்டெஸ்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இந்தக் கதையில் வில்லன் வேண்டும் என்று நானும் தேடிப் பார்த்தேன். இவர் அதற்குச் சரிப்படவில்லை.

12

நாக்கு. பக்கவாட்டில் பிடித்து வெளியே இழுத்தாள். கரன்சோ கோபத்தோடு உள்ளே இழுத்துக்கொண்டது.

11

கழுத்துத் தசை. நன்றாக இருந்தது. இந்தப் பகுதியை வெட்டிவிடலாம் என்று நினைத்தேன். எண்ணிக்கை குறைந்தால் நீங்கள் சந்தேகப்படுவீர்கள் என்று விட்டுவைத்தேன்.

7

ஏழாவது நரம்பு காதுக்கு அடியிலிருந்து கிளம்பி முகமெங்கும் பிரிகிறது. ஒரு கிளை காதை ஆட்டும், ஒரு கிளை இமையை மூடும். கன்னத்துத் தசையின் மேலே, தோலுக்கு நேர் கீழே ஓடுகிற கிளைகள் உதட்டையும் மூக்கையும் அசைக்கும்.

இடது காது? விசில் அடித்தாள், அது திரும்பியது. இடது இமை? கண்ணோரத்தை விரலால் தொட்டாள், இறுக மூடியது. உதடு? தொங்கியது. கிள்ளினால் தலையை இழுக்கிறது, ஆனால் உதடு மட்டும் அசையவில்லை.

அப்படியென்றால் கோளாறு மூளையில் இல்லை. காதுக்கும் இமைக்கும் போகிற கிளைகள் பிரிந்த பிறகு, கன்னத்தில் ஏதோ ஓரிடத்தில். அவள் கையுறையைக் கழற்றவில்லை; விரலை மட்டும் கன்னத்தின் மேல் மெதுவாக ஓட்டினாள். ஓரிடத்தில் விரல் நின்றது. கட்டைவிரல் அகலத்துக்கு முடி தேய்ந்து, தோல் சற்றே தடித்து, சதுரமாக ஓர் அச்சு.

அவளுக்குத் தெரிந்துவிட்டது.

வியாழக்கிழமை இதே புல்வெளியில் இந்தக் குதிரைக்குக் காயடித்தது அவள்தான். மயக்க ஊசி போட்டு இடப்பக்கமாகப் படுக்கவைத்தாள். படுத்த குதிரையின் முகத்தைச் சுற்றிக் கட்டியிருக்கும் முகவாரைக் கழற்ற வேண்டும், அல்லது கன்னத்துக்கு அடியில் மெத்தென்று எதையாவது வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முகவாரின் பக்கிள், அத்தனை கனத் தலைக்கும் தரைக்கும் நடுவில் சிக்கி நரம்பை நசுக்கும். அது இரண்டாம் வருட மாணவிக்கும் தெரியும். வால்டெமார் அதற்காகவே தன் சேணத்தின் மேலே போடுகிற ஆட்டுத்தோலைக் கொண்டுவந்து நீட்டினான். தரையெல்லாம் சரளைக் கல். அவளுக்கு முட்டி வலி. வாங்கி, தன் முட்டிக்கு அடியில் போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். முப்பத்தைந்து நிமிஷம். முகவாரை மறந்தே போனாள்.

"சொல்லுங்க டாக்டரம்மா," என்றார் ஃபகுண்டெஸ். "வெறி இல்லன்னா வேற என்ன? ஒண்ணும் இல்லாம ஒரு மூஞ்சி தானா கோணிக்குமா? காரணம் சொல்லுங்க. இல்லன்னா நான் சுடறேன். இவன் கையைப் பார்த்தீங்கல்ல?"

இந்த இடத்தில் நான் பேனாவைக் கீழே வைத்தேன். மறுநாள் திங்கட்கிழமை, ஊரிலிருக்கிற அத்தனை மாட்டுக்கும் வெறிநோய்த் தடுப்பூசி. நாற்பது பண்ணைக்காரர்கள் அவளை நம்பி மாடு ஓட்டிவர வேண்டும். ஊசி போட்டால் சினை கலையும் என்று ஏற்கெனவே பாதிப் பேர் முனகிக்கொண்டிருந்தார்கள். "டாக்டரம்மா குதிரை மூஞ்சியைக் கெடுத்துட்டாங்களாம்" என்று இன்று ஒரு வார்த்தை கிளம்பினால், நாளைக்கு எத்தனை பேர் வருவார்கள்?

அதனால் அவளுக்காக ஒரு பொய் எழுதிக் கொடுத்தேன்:

["வேலியில இடிச்சிருக்கும்," என்றாள் கிரிசெல்டா. "நரம்பு நசுங்கியிருக்கு. சரியாயிடும்."
"எந்த வேலி?" என்றார் ஃபகுண்டெஸ். "நாலு நாளா இதைத் திறந்த வெளியிலதானே கட்டியிருக்கான்?"
அவர் துப்பாக்கியைத் தூக்—]

என் வரைவில் கரன்சோ செத்துப்போனது. பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். வேறொரு வரைவில் முகவாரைக் கழற்ற மறந்தது வால்டெமார் என்று மாற்றினேன். அதை நான் வாசித்துக் காட்டியபோது கிரிசெல்டா மாத்தே குடுவையை மேசையில் டொக்கென்று வைத்தாள்.

"அவன் தோலைக் கொண்டாந்து நீட்டினான்டி. நீட்டினவன் மேலயே பழியா? வெட்கமா இல்ல உனக்கு?"

வெட்கமாகத்தான் இருந்தது. ஆகவே நடந்தது இதோ:

"காரணம் நான்," என்றாள். "இங்க வாங்க. கிட்ட வந்து பாருங்க. இந்த அச்சு தெரியுதா? வால்டெமார், அந்த முகவாரை எடுங்க. பக்கிளை இது மேல வைங்க."

அவன் வைத்தான். சாவி பூட்டில் பொருந்துகிற மாதிரி பொருந்தியது.

"வியாழக்கிழமை இதைக் கழற்றாம படுக்க வெச்சேன். நீங்களும்தான் பார்த்துட்டு இருந்தீங்க. வால்டெமார் குடுத்த ஆட்டுத்தோல் எங்க இருந்துச்சு, ஞாபகம் இருக்கா?"

ஃபகுண்டெஸ் அவள் முட்டியைப் பார்த்தார். "உங்க முட்டிக்கு அடியில."

"ஆமா. என் முட்டிக்கு அடியில. வெறிநோய் ஒரே ஒரு கிளையைப் பிடிச்சுக்கிட்டு நாலு நாளா அப்படியே நிக்காது. உங்க பசு நாலாம் நாள் எழுந்து நின்னுச்சா? இது என் தப்பு. ஊர்ல யார் கேட்டாலும் இப்படியே சொல்லுங்க."

நான் முதலில் "கண் சிமிட்டாமல் சொன்னாள்" என்று எழுதியிருந்தேன்.

"சிமிட்டினேன்," என்றாள் கிரிசெல்டா. "நிறையவே சிமிட்டினேன். அழுகை வந்துச்சு. ரெண்டு இமையும் நல்லா மூடித் திறந்துச்சு. எனக்கு ஏழாவது நரம்பு சரியா இருக்கு, எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன்.

8

எட்டாவது, கேட்பதற்கு. ஆகவே இந்தப் பகுதியில் யாரும் எதுவும் பேசவில்லை. ஃபகுண்டெஸ் துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட சத்தம் மட்டும் கேட்டது. வால்டெமார் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். பிறகு அவள் அவனைத் தன் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். இறங்கும்போது மட்டும், "முட்டி இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டானாம். இதைச் சொல்லிவிட்டு கிரிசெல்டா தன் முட்டியைத் தடவிக்கொண்டாள்.

7 (மறுபடியும்)

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் ஊசிப் பெட்டியோடு ஊர்ப் பொதுத் தொழுவத்துக்குப் போனாள். அதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது. ஃபகுண்டெஸ் ஒரு வார்த்தை குறைக்காமல், ஒரு வார்த்தை கூட்டாமல் எல்லாரிடமும் சொல்லியிருந்தார்.

வரிசையில் முதல் மந்தை அவருடையது. எஞ்சிய முப்பத்தொரு மாடு. குதிரையிலிருந்து இறங்கியவர், தோளிலிருந்து இரண்டு ஆட்டுத்தோல்களை எடுத்து அவள் காலடியில் போட்டார்.

"ஒண்ணு குதிரைக்கு," என்றார். "ஒண்ணு உங்க முட்டிக்கு. இனிமே சண்டை வராதுல்ல?"

பின்னால் வந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து வைத்துக்கொண்ட கேலியா, தனித்தனியாகத் தோன்றியதா தெரியாது, ஆனால் பெரும்பாலானோர் தலைக்கு ஒரு தோல் கொண்டுவந்திருந்தார்கள். மதியத்துக்குள் தொழுவத்து ஓரத்தில் இடுப்பு உயரத்துக்கு ஆட்டுத்தோல் குவிந்துவிட்டது. இருபத்தாறு. நாற்பது பேரில் முப்பத்தெட்டுப் பேர் மாட்டோடு வந்தார்கள்.

"யாராவது இன்னும் ஒரு தோல் கொண்டாந்தா ஊசியை அவனுக்கே குத்துவேன்!" என்று அவள் கத்தினாளாம். சிரித்துக்கொண்டேதான் கத்தினாளாம்.

இது ரொம்பவும் இனிப்பாக இருக்கிறது, வாசகர் நம்பமாட்டார் என்று இந்தப் பக்கத்தையும் வெட்டப் பார்த்தேன். ஆனால் அந்தத் தோல்களில் நான்கு இப்போது என் கடை நாற்காலியில் கிடக்கின்றன. நான் அவற்றின் மேல் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். வெட்ட மனம் வரவில்லை.

முடிவு

முடிவு என்னிடம் இல்லை.

நசுங்கிய நரம்பு வெறுமே மரத்துப்போயிருந்தால் சில வாரங்களில் விழித்துக்கொள்ளும். உள்ளிழை அறுந்திருந்தால், நசுங்கிய இடத்திலிருந்து புதிதாக வளர்ந்து வர வேண்டும். நாளுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். சில சமயம் வழியிலேயே நின்றுவிடும். கிரிசெல்டா நூலைப் பிடித்து, பக்கிள் அச்சிலிருந்து உதட்டு ஓரம் வரைக்கும் அளந்தாள். நூற்றறுபது மில்லிமீட்டர். இன்று அறுபத்தோராம் நாள். உதடு இன்னும் தொங்குகிறது. வெறிநோய் இருந்திருந்தால் கரன்சோ எப்போதோ செத்திருக்கும். அது இருக்கிறது, நனைத்த தீவனம் தின்கிறது, வால்டெமாரைச் சுமந்துகொண்டு மாடு ஓட்டுகிறது. அவனும் ஊசியெல்லாம் போட்டு முடித்துவிட்டான். ஆனால் கிரிசெல்டா தினமும் காலையில் கடைக்கு வருவதற்கு முன்னால், பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அந்தப் புல்வெளிக்குப் போய், உள்ளங்கையில் ஒரு கேரட் துண்டை வைத்துக் கரன்சோவின் இடப்பக்கமாக நீட்டுகிறாள்.

உதடு அசைகிறது என்று ஒரு முடிவு எழுதினேன். அசையவில்லை என்று இன்னொன்றும் எழுதினேன். இரண்டையும் வாசித்துக் காட்டினேன்.

"ரெண்டையும் தூக்கிப் போடு," என்றாள். "எனக்கே தெரியாதது உனக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப எப்படி முடிக்கறது?"

"நான் எப்படி முடிக்கிறேன்? கையை நீட்டிக்கிட்டு நிக்கறேன். அவ்வளவுதான்."

ஆகவே வாசகரே, கேரட் துண்டை உங்களிடம் கொடுத்துவிட்டு நான் கடையைத் திறக்கப் போகிறேன். இன்னும் தொண்ணூற்றொன்பது நாள் இருக்கிறது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், இடப்பக்கமாக நில்லுங்கள், உள்ளங்கையைத் தட்டையாக வையுங்கள். தரையில் சரளைக் கல் அதிகம். முட்டி போட வேண்டி வந்தால் ஓரத்தில் ஆட்டுத்தோல் கிடக்கிறது. இரண்டு இருக்கும், ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.